கினபாலு (4,095 மீ.): ஐந்து மணிக் கெடு, மழை, முட்டி

#1 · தைப்பிங்_மழை

வணக்கம். மார்ச் கடைசியில சபாவுல இருக்கற கினபாலு மலை ஏற ஆறு பேருக்கு இடம் பார்த்துக்கிட்டிருக்கோம். ரெண்டு நாள், ஒரு ராத்திரி. ரெண்டு பேர் அம்பதைத் தாண்டினவங்க, ஒருத்தர் சுத்த சைவம். யாரைக் கேட்டாலும் பாதிப் பேர் "சும்மா படிக்கட்டுதான்"ங்கிறாங்க, மீதிப் பேர் "முட்டி போயிடும், வேண்டாம்"ங்கிறாங்க. எதை நம்புறது?

முக்கியமா மூணு சந்தேகம். எப்படிப் பழகணும்? உச்சிக்குப் போற வழியில சயாட்-சயாட் சோதனைச் சாவடியில காலையில அஞ்சு மணிக்கு மேல விடமாட்டாங்களாமே, அந்தக் கெடு எவ்வளவு கறார்? உயரத்துல வர்ற தலைவலி, குமட்டலுக்கு டையமாக்ஸ் மாத்திரை போடலாமா?

#2 · குன்றுதோறாடி

இரண்டு கட்சியும் சொல்வது உண்மைதான். அளவுகளைப் பார்த்தால் காரணம் தெரியும்.

திம்போஹோன் வாசல் 1,866 மீட்டர். தங்குமிடங்கள் இருக்கும் பானாலாபான் 3,272 மீட்டர். இடையில் 6 கி.மீ. முதல் நாள் ஏற்றம் 1,406 மீட்டர். அங்கிருந்து உச்சியான லோஸ் பீக் 2.7 கி.மீ., ஏற்றம் 823 மீட்டர். மேலே போக ஒன்றரை நாள் கிடைக்கிறது. இறங்குவதோ ஒரே நாளில், 2,229 மீட்டரும் சேர்த்து. அதுவும் அதிகாலை இரண்டு மணிக்கு எழுந்து, உச்சிக்கு ஏறி முடித்த அதே காலோடு. மூச்சு வாங்குகிறதே என்று எல்லோரும் ஏற்றத்துக்குப் பயப்படுகிறார்கள். பெரும்பாலோர் நொண்டுவது இறக்கத்தில்.

பாறை ஏறும் வித்தை எதுவும் தேவையில்லை. கயிறு பிடிக்க வேண்டிய இடம் கொஞ்சம்தான். மற்றதெல்லாம் படி, வேர், கல், மறுபடியும் படி. ஆனால் படிகள் ஒரே உயரத்தில் இல்லை. ஒன்று கணுக்கால் உயரம், அடுத்தது முட்டி உயரம். அதனால்தான் வீட்டு மாடிப்படியில் ஏறிப் பழகியவர்களுக்கும் தொடை பிடித்துக்கொள்கிறது.

ஆறு பேர் என்கிறீர்கள். ஒரு வழிகாட்டிக்கு அதிகபட்சம் ஐந்து பேர், எனவே உங்களுக்கு இரண்டு மாலிம் குனோங் (மலை வழிகாட்டி) வேண்டும். செலவுக் கணக்கில் இதை விட்டுவிடாதீர்கள். வழிகாட்டி இல்லாமல் யாரையும் ஏற விடுவதில்லை. ஆள் இரண்டு இருப்பது உங்களுக்கு நல்லதுதான்: வேகமாக நடப்பவர்களும் மெதுவாக நடப்பவர்களும் பிரிந்து போகலாம்.

#3 · சண்டக்கான்காரி

முதலில் இடம் பிடியுங்கள், மற்றது அப்புறம். பானாலாபானில் படுக்கை இருந்தால்தான் ஏறும் அனுமதி. அனுமதியை மட்டும் தனியாக வாங்கி வைத்துக்கொள்ள முடியாது. ஒரு நாளைக்கு இருநூறு பேருக்கும் குறைவாகத்தான் விடுகிறார்கள், அதிலும் வெயில் மாதங்களான மார்ச், ஏப்ரலுக்குக் கூட்டம் அதிகம். ஆறு பேருக்கு ஒரே தேதியில் வேண்டுமென்றால் பல மாதம் முன்னாலேயே கேட்க வேண்டும். வார நாளில் போக முடிந்தால் வாய்ப்பு கூடும். மலேசியர்களுக்குக் கட்டணம் குறைவு. மைகாட்டில் (மலேசிய அடையாள அட்டை) இருக்கிற மாதிரியே பெயரையும் எண்ணையும் கொடுங்கள்.

தீபகற்ப மலேசியாவிலிருந்து வருகிறவர்கள் மைகாட்டைக் கையிலேயே வைத்திருங்கள். சபாவுக்குள் நுழையும்போது குடிநுழைவுச் சோதனை உண்டு. சிங்கப்பூர்க்காரர்களுக்குக் கடப்பிதழ்.

இன்னொன்று, யாரும் சொல்ல மறக்கிற விஷயம். சபாவிலும் கோலாலம்பூரிலும் கடிகாரம் ஒன்றுதான், சூரியன் வேறு. இங்கே ஆறு மணி வாக்கில் விடிந்துவிடும், மாலை ஆறரைக்குள் இருட்டிவிடும். "ஏழு மணிக்குத்தானே விடியும், ஏழரைக்குத்தானே இருட்டும்" என்ற பழக்கத்தில் கணக்குப் போட்டால் இரண்டு முனையிலும் ஒரு மணி நேரம் தவறும். இறங்கும் அன்று அந்த ஒரு மணி நேரம் பெரிய விஷயம்.

#4 · ஜூரோங்_நடை

பழகுவதைப் பற்றி. கோலாலம்பூர்ப் பக்கம் இருப்பவர்கள் பத்துமலைப் படியை நாலு தடவை ஏறி இறங்கிவிட்டுத் தயார் என்கிறார்கள். படி ஒன்றுக்கு 16, 17 செ.மீ. என்று வைத்தாலும் 272 படி சுமார் 45 மீட்டர்தான். முதல் நாள் ஏற்றத்துக்கு ஈடாக வேண்டுமென்றால் 31 தடவை. எங்கள் சிங்கப்பூரின் புக்கிட் தீமா குன்று மொத்தமே 164 மீட்டர். அடுக்குமாடிக் கணக்கில், மாடி ஒன்றுக்கு 3 மீட்டர் என்றால், முதல் நாள் மட்டும் 470 மாடி.

ஒரே நாளில் அத்தனையும் ஏறிப் பார்க்க வேண்டியதில்லை. பத்து வாரம் இருந்தால் போதும். வாரம் இரண்டு நாள் மாடிப்படி, முதல் வாரம் 40 மாடியில் ஆரம்பித்து வாரத்துக்குப் பத்து, பதினைந்து மாடி கூட்டிக்கொண்டே போங்கள். வாரக் கடைசியில் ஒரு நீண்ட மலை நடை. முதுகில் 5 கிலோ பையோடு.

மின்தூக்கியில் இறங்கக் கூடாது. எல்லோரும் செய்கிற தப்பு இது. ஏறும்போது தொடைத் தசை சுருங்கி வேலை செய்கிறது. இறங்கும்போது நீண்டுகொண்டே எடையைத் தாங்குகிறது. பழகாத தசை அந்த வேலையில்தான் அதிகம் அடிபடும். வலியும் உடனே தெரியாது, மறுநாளும் அதற்கடுத்த நாளும்தான் உச்சம். இறங்கிப் பழகினால் மட்டுமே இது குறையும்.

தைப்பிங்கில் இருப்பவர்களுக்குப் புக்கிட் லாருட் மலை பக்கத்திலேயே இருக்கிறதே, பாதை திறந்திருந்தால் அதைவிட நல்ல களம் என்ன வேண்டும்? அடிவாரத்திலிருந்து மேலே வரை நடந்து போய், நடந்தே திரும்புங்கள். கினபாலுவுக்கு இரண்டு வாரம் முன்பு கடைசி நீண்ட நடை, பிறகு ஓய்வு.

#5 · தைப்பிங்_மழை

மின்தூக்கி விஷயம் சுருக்குன்னு பட்டுச்சு, இங்க எல்லாரும் அதைத்தான் செய்யறோம். முதல் நாள் நடைக்கு நேரக் கணக்கு எப்படி?

#6 · குன்றுதோறாடி

பாதையில் ஒவ்வொரு அரை கிலோமீட்டருக்கும் பலகை உண்டு. மொத்தம் 12 அரைக்கிலோமீட்டர். ஒன்றுக்கு சராசரி 25 நிமிடம் என்றால் ஐந்து மணி நேரம். ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு 30 நிமிடம் வைத்தால் ஆறு. முதல் 4 கி.மீ.யில் 20 நிமிடத்தில் ஒரு பலகை வந்துவிடும். அதை நம்பி மகிழாதீர்கள், கடைசி இரண்டு கி.மீ.யில் அதே தூரம் 35, 40 நிமிடம் இழுக்கும்.

காலை பத்தரைக்கு மேல் திம்போஹோனில் உள்ளே விடமாட்டார்கள். ஆனால் பத்தரை உங்கள் இலக்காக இருக்கக் கூடாது. இந்த மலையில் காலை தெளிவு, பிற்பகல் மழை என்பதுதான் வழக்கம். எட்டரைக்கு நடக்கத் தொடங்கினால் ஆறு மணி நேரக்காரருக்கும் இரண்டரைக்குள் கூரை கிடைக்கும். கோத்தா கினபாலுவிலிருந்து பூங்காவுக்குச் சுமார் 90 கி.மீ., மலைச்சாலையில் இரண்டு மணி நேரம். பிறகு பூங்கா அலுவலகத்தில் பதிவு, அடையாள அட்டை, வழிகாட்டி, அங்கிருந்து வேனில் வாசல் வரை. நகரத்தில் ஆறு மணிக்குள் கிளம்பாவிட்டால் எட்டரை நடக்காது.

முடிந்தால் முந்தைய இரவே பூங்கா அருகில் தங்குங்கள். அலுவலகமே 1,560 மீட்டர் உயரத்தில். கடல்மட்டத்தில் தூங்கி எழுந்து அன்றே 3,272 போவதற்கும், 1,500இல் ஓர் இரவு கழித்துவிட்டுப் போவதற்கும் தலைவலியில் வித்தியாசம் தெரியும்.

பாதையைப் பற்றி ஒரு வார்த்தை. வாசல் தாண்டியதும் ஏற்றம் இல்லை, இறக்கம். கார்சன் அருவி வரை கீழே போகிறது. "பரவாயில்லையே" என்று தோன்றும். அந்தப் படிகளை மறுநாள் கடைசியில், 2,200 மீட்டர் இறங்கி முடித்த காலால், மேலே ஏற வேண்டும். மலையை அமைத்தவனுக்கு நகைச்சுவை உணர்வு அதிகம்.

லாயாங்-லாயாங் குடில் 4 கி.மீ. அருகில், சுமார் 2,700 மீட்டர். அது வரை பாசி படிந்த காடு, நிழல், ஈரம். தாண்டியதும் மண் செம்மஞ்சளாக மாறும், மரங்கள் குள்ளமாகி முறுக்கிக்கொள்ளும். அந்த மண்ணில் உலோகச் சத்து அதிகம், பயிர்ச்சத்து குறைவு, எல்லா மரமும் வளராது. குடுவைத் தாவரம் தென்படுவதும் இந்தப் பகுதியில்தான். நடப்பவனுக்கு இதன் பொருள்: நிழல் போயிற்று, படி போய்ப் பாறை வந்தது. தொப்பி, வெயில் களிம்பு இங்கே. மேகம் மூடியிருந்தாலும் தோல் கருகும்.

குடில் ஒவ்வொன்றிலும் கழிப்பறை உண்டு. தண்ணீர்த் தொட்டியும் உண்டு, ஆனால் அது சுத்திகரிக்காத மலைத்தண்ணீர். மாத்திரையோ வடிகட்டியோ இருந்தால் 1.5 லிட்டர் தூக்கினால் போதும், வழியில் நிரப்பிக்கொள்ளலாம். இல்லையென்றால் 2.5 லிட்டர். சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கண்ணயராதீர்கள், அணில்கள் பையைத் திறக்கவே கற்றுவைத்திருக்கின்றன.

#7 · முட்டிக்கவசம்

சப்பாத்து பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே! வழிகாட்டிகளும் சுமை தூக்குபவர்களும் போடுவது கறுப்பு ரப்பர் சப்பாத்து, "அடிடாஸ் கம்போங்" என்று செல்லப் பெயர். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர்கள் போடுவதும் அதுதான். விலை மிகக் குறைவு, ஈரப்பாறையில் பல்லி மாதிரிப் பிடிக்கும். ஐந்நூறு வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து மலையேறும் பூட்ஸ் வாங்குகிறவர்களைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது.

#8 · ஜூரோங்_நடை

சிரிக்க வேண்டாம் அண்ணா. பிடிப்பு நிஜம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதில் மெத்தை கிடையாது. தினமும் அந்தப் பாதையில் நடக்கிறவர்களின் பாதம் வேறு, அலுவலக நாற்காலியில் உட்காருகிறவர்களின் பாதம் வேறு. 2,229 மீட்டர் இறக்கத்தில் ஒவ்வோர் அடியும் குதிகாலில் நேராக இறங்கும்.

#9 · முட்டிக்கவசம்

தடித்த உள்ளட்டை ஒன்று போட்டுக்கொண்டால் தீர்ந்தது. ஓர் அளவு பெரிதாக வாங்கி, தடித்த காலுறை. ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன்: எதை வாங்கினாலும் குறைந்தது நாலு நீண்ட நடை அதிலேயே போயிருக்க வேண்டும். புத்தம் புதுசைக் கொண்டுவந்து மலையில் பழக்குகிறவர்கள்தான் லாயாங்-லாயாங்கில் உட்கார்ந்து கொப்புளத்துக்குப் பிளாஸ்டர் ஒட்டுகிறார்கள். பழைய சப்பாத்தும் ஆபத்து. வருடக்கணக்காக அலமாரியில் கிடந்ததென்றால் அடியில் ஒட்டிய பசை நம் ஊர் ஈரத்தில் செத்துப்போயிருக்கும், பாதி வழியில் அடிப்பாகம் வாயைப் பிளக்கும். கிளம்பும் முன் கையால் இழுத்துப் பாருங்கள்.

கால் நகத்தைப் போவதற்கு இரண்டு நாள் முன்பு ஒட்ட வெட்டிவிடுங்கள். இறங்கத் தொடங்கும் முன் கயிறை அவிழ்த்து மறுபடி கட்டுங்கள்: கணுக்காலருகே இறுக்கம், விரல் பக்கம் தளர்வு. குதிகால் பின்னால் ஒட்டி நிற்க வேண்டும். முன்னால் வழுக்கினால் பெருவிரல் நகம் கறுத்து, சில வாரத்தில் கழன்று விழும்.

#10 · மருந்துச்சீட்டு

டையமாக்ஸ் கேள்விக்கு. 3,272 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. உச்சியில் அறுபது சதவீதம் சொச்சம். ஒரே நாளில் அங்கே போவதால் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை பலருக்கும் வரும். நல்ல உடற்கட்டு இருந்தால் வராது என்பது தவறான நம்பிக்கை. வேகமாக ஏறுகிற இளைஞர்களுக்குத்தான் அடிக்கடி வருகிறது.

அசெட்டசோலமைடு (டையமாக்ஸில் உள்ள மருந்து) தடுப்புக்கு வழக்கமான அளவு 125 மி.கி., காலையும் மாலையும், ஏறுவதற்கு முந்தைய நாளே தொடங்க வேண்டும். மேலே போய்த் தலை வலித்த பிறகு "தடுப்புக்கு" போட்டுப் பயனில்லை. சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், வேறு மாத்திரைகள் எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. ஐம்பதைத் தாண்டிய இருவரும் கட்டாயம் கேளுங்கள். விரல் நுனி மரத்துப்போவது, குளிர்பானத்தில் சுவை கெட்டுப்போவது, அடிக்கடி சிறுநீர் ஆகியவை மாத்திரையின் சாதாரண விளைவுகள், பயம் வேண்டாம். வீட்டிலேயே ஒரு நாள் போட்டுப் பார்த்துவிட்டால் மலையில் குழப்பம் இருக்காது. தூக்க மாத்திரை வேண்டாம், மூச்சைக் குறைக்கும்.

மாத்திரையைவிட முக்கியமானது எப்போது திரும்புவது என்று தெரிவது. தலைவலி மட்டும் என்றால் தண்ணீர், ஓய்வு, சாதாரண வலி மாத்திரை. தலைவலியோடு வாந்தியும் நிற்காமல் வந்தால் உச்சி நினைப்பை விடுங்கள். தரையில் நேர்கோட்டில், குதிகாலும் விரலும் தொட அடிமேல் அடி வைத்து நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால் அல்லது உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைத்து இருமினால், விடியும்வரை காத்திருக்காமல் வழிகாட்டியிடம் சொல்லி இறங்க வேண்டும். இந்த மலையின் நல்ல குணம், பாதை நேராகக் கீழே போகிறது. மேடேறித் தாண்டிப் போக வேண்டியதில்லை, சில மணி நேரத்தில் ஆயிரம் மீட்டர் இறங்கிவிடலாம்.

#11 · தைப்பிங்_மழை

நன்றி டாக்டர் (டாக்டர்தானே?). அந்த அஞ்சு மணிக் கெடு?

#12 · மருந்துச்சீட்டு

மருந்தாளுநர். டாக்டர் பட்டம் வேண்டாம்.

#13 · சண்டக்கான்காரி

கெடு கறார்தான். சயாட்-சயாட் சோதனைச் சாவடி 3,668 மீட்டர், பானாலாபானிலிருந்து சுமார் ஒரு கி.மீ. காலை ஐந்துக்குள் அங்கே பூங்கா அலுவலகத்தில் பதிவின்போது கொடுத்த அட்டையைக் காட்டிப் பதிய வேண்டும். தாண்டினால் திருப்பி அனுப்புவார்கள், கெஞ்சிப் பயனில்லை. அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டு, மேல்சட்டைக்குள் போட்டுக்கொள்ளுங்கள். அறையில் மறந்துவிட்டு வருகிறவர்களும் உண்டு.

இரண்டு மணிக்குச் சாப்பாடு, இரண்டரைக்கு நடை. ஏறவேண்டியது 396 மீட்டர், கையில் இரண்டரை மணி நேரம். போதுமான நேரம் மாதிரித் தெரியும். தெரியாமல் தின்றுவிடுவது வரிசை. பானாலாபானை விட்டதும் குறுகலான மரப்படிகள், எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்புவதால் ஒருவர் நின்றால் பின்னால் முப்பது பேர் நிற்கிறார்கள். மெதுவாகப் போகிறவர்கள் இரண்டேகாலுக்கே முன்னால் கிளம்ப முடியுமா என்று வழிகாட்டியிடம் முந்தைய மாலையே கேட்டு வையுங்கள். இரண்டு மணிக்கு எழுந்து பை தேடுவது, சப்பாத்துக் கயிறு தேடுவது எல்லாம் வேண்டாம். எட்டு மணிக்குப் படுக்கும் முன்பே உச்சிப் பை தனியாகக் கட்டி, தலைவிளக்கு மேலே இருக்க வேண்டும்.

வேகமாகப் போகிறவர்களுக்கு நேர்மாறான பிரச்சினை. நாலே முக்காலுக்கு உச்சியில் போய் நின்றால் விடிய இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல். வெப்பம் பூஜ்யத்தை ஒட்டி, காற்று அறைகிறது, ஒதுங்க இடமில்லை. வியர்வையில் நனைந்த உள்சட்டையோடு அங்கே காத்திருப்பதுதான் நடுக்கத்துக்கு நேர்வழி. சயாட்-சயாட் தாண்டி 427 மீட்டர் ஏற்றம், 1.7 கி.மீ. அங்கிருந்து நாலு, நாலேகாலுக்குக் கிளம்பினால் நல்ல நடைக்கு ஆறு வாக்கில் மேலே இருக்கலாம்.

#14 · குன்றுதோறாடி

கயிறு விஷயத்தைச் சேர்த்துக்கொள்கிறேன். சயாட்-சயாட்டுக்குக் கீழே செங்குத்தான சில இடங்களில் கயிறு பிடித்துத்தான் ஏற வேண்டும். அங்கே கைத்தடியை மடக்கிப் பையில் செருகிவிடுங்கள், இரண்டு கையும் வேண்டும். உள்ளங்கையில் ரப்பர் புள்ளி வைத்த நூல் கையுறை போதும். கம்பளிக் கையுறை நனைந்த கயிற்றில் வழுக்கும். கயிறை மணிக்கட்டில் சுற்றாதீர்கள். இரண்டு ஆணிகளுக்கு நடுவே உள்ள துண்டில் ஒரு சமயம் ஒருவர்தான். இன்னொருவர் இழுத்தால் கயிறு பக்கவாட்டில் வெட்டும், முன்னால் இருப்பவர் சாய்வார். இறங்கும்போது பாறையைப் பார்த்தபடி பின்பக்கமாக இறங்குவது எளிது.

மேலே பாறைவெளியில் கிடக்கும் தடித்த வெள்ளைக் கயிறு வேறு விஷயம். பெரும்பாலான இடத்தில் அது தொங்குவதற்கு அல்ல, வழிகாட்ட. அங்கே மண் கிடையாது, செடி கிடையாது, காலடித்தடம் பதியாது. பனியுகத்தில் பனியாறு வழித்தெடுத்துப் போட்ட கருங்கல். மேகம் இறங்கினால் பத்தடிக்கு அப்பால் எல்லாத் திசையும் ஒன்று. கயிறு கண்ணில் படும் தூரத்தை விட்டு விலகாதீர்கள், படம் எடுக்கக்கூட. வடக்குப் பக்கம் லோஸ் கல்லி, ஆயிரம் மீட்டருக்கு மேல் ஆழமான பிளவு. 1994இல் அதற்குள் இறங்கிய பிரிட்டிஷ் ராணுவக் குழுவில் ஒரு பகுதி வெளியே வர முடியாமல் வாரக்கணக்கில் சிக்கிக்கொண்டது.

காய்ந்த கருங்கல்லில் சப்பாத்து நன்றாகவே ஒட்டும். ஈரமானால் கறுப்புக் கோடு கோடாகத் தெரியும் இடங்களை மிதிக்காதீர்கள். தண்ணீர் வழக்கமாக ஓடும் தடம் அது, பாசி இருக்கும். வெளுத்த சொரசொரப்பான பாறையில் கால் வையுங்கள், பாதம் முழுக்கப் பதிய.

#15 · முட்டிக்கவசம்

மழை வந்தால்?

#16 · சண்டக்கான்காரி

பலத்த மழை, பலத்த காற்று என்றால் உச்சிப் பயணம் ரத்து. மண் இல்லாத பாறை என்று இப்போதுதானே சொன்னார், உறிஞ்ச எதுவும் இல்லை. பெய்கிற மழை முழுவதும் உடனே பாறை மேல் அருவியாக வருகிறது, கயிறு இருக்கும் இடங்கள் வழியாகவே. பணம் பொதுவாகத் திரும்பக் கிடைக்காது. தரகர் ஏதாவது வாக்குக் கொடுத்தால் எழுத்தில் வாங்குங்கள்.

சிலர் வழிகாட்டியிடம் சண்டை போடுவார்கள், "இவ்வளவு தூரம் வந்துட்டோம், கொஞ்சம் விடுங்க" என்று. தயவுசெய்து வேண்டாம். 5 ஜூன் 2015 காலை ஏழே கால் மணிக்கு ரானாவ் நிலநடுக்கம், அளவு 6.0. பாறை உருண்டு மலையில் 18 பேர் இறந்தார்கள், வழிகாட்டிகளும் அதில் உண்டு. மற்றவர்களைப் பத்திரமாகக் கீழே கொண்டுவந்தவர்களும் வழிகாட்டிகள்தான். கழுதைக் காது எனப்பட்ட சிகரத்தில் ஒரு காது அன்று உடைந்து போனது. அதன் பிறகு மேல்பகுதிப் பாதையையே மாற்றி அமைத்தார்கள். பழைய மெசிலாவ் பாதை அன்று மூடியதுதான், பழைய வரைபடத்தைப் பார்த்து அதைத் திட்டத்தில் போடாதீர்கள்.

இங்குள்ள டூசுன் பழங்குடி மக்களுக்கு இது முன்னோர் ஆவிகள் உறையும் மலை, அக்கி நபாலு. மேலே போய்க் கூச்சல் போடுவது, ஆட்டம் போடுவது அவர்களுக்குப் பிடிக்காது. நம் ஊரில் கோயில் மலைக்குப் போகிற மாதிரி அடக்கமாகப் போய் வாருங்கள், அது போதும்.

#17 · தைப்பிங்_மழை

மனசுல வெச்சுக்கறேன் அக்கா. துணிமணி, பை, சைவச் சாப்பாடு, இது மூணும் மட்டும் பாக்கி.

#18 · ஜூரோங்_நடை

பருத்தித் துணி ஒன்றுகூட வேண்டாம், உள்ளாடை உட்பட. நனைந்தால் காயாது, உடல் சூட்டை உறிஞ்சும். முதல் நாள் காட்டுக்குள் ஒரு மெல்லிய சட்டை போதும், வியர்த்துக் கொட்டும். உச்சிக்கு உள்ளே ஒட்டிய சட்டை, அதன் மேல் ஃபிலீஸ், அதற்கும் மேல் காற்றும் மழையும் புகாத மேல்சட்டை. காதை மூடும் தொப்பி. ஐந்து வெள்ளி பிளாஸ்டிக் போஞ்சோ முதல் நாள் பையோடு சேர்த்து மூட நன்றாக உதவும். உச்சிக்கு அதை எடுக்காதீர்கள். பாறைவெளியில் காற்று அதைத் தலைக்கு மேல் தூக்கிக் கண்ணை மறைக்கும், கயிறு பிடித்திருக்கும் நேரம் பார்த்து.

பைக்குப் போடும் மழை உறையை மட்டும் நம்பக் கூடாது, முதுகுப் பக்கமாகத் தண்ணீர் இறங்கும். உள்ளே தடித்த குப்பைப் பை ஒன்றை விரித்து அதற்குள் எல்லாம். தூங்கும் உடையும் ஒரு ஜோடிக் காலுறையும் தனிப் பையில், என்ன ஆனாலும் பானாலாபானுக்கு முன் திறக்கக் கூடாது. குளியலுக்கு வெந்நீரை எதிர்பார்க்க வேண்டாம், ஈரத் துண்டுத்தாள் கொண்டு போங்கள்.

தலைவிளக்குக்கு மாற்று பேட்டரி. கைபேசியை உடம்போடு ஒட்டிய உள்பையில் வையுங்கள். குளிரில் நாற்பது சதவீதம் காட்டிக்கொண்டிருந்தது சட்டென்று அணைந்துவிடும்.

சுமை தூக்குபவருக்குக் கிலோ கணக்கில் கூலி. ஆறு பேருடைய மாற்றுத் துணியை ஒரே பையில் சேர்த்து அவரிடம் கொடுத்தால் ஆளுக்குச் சில வெள்ளிதான், முதுகில் நாலு கிலோ குறையும். பெரியவர்கள் இருவருக்காவது செய்யுங்கள். மழைச்சட்டை, தண்ணீர், மருந்து மட்டும் உங்களிடமே இருக்கட்டும். அவர் உங்களுக்கு இரண்டு மணி நேரம் முன்னாலேயே மேலே போயிருப்பார்.

#19 · சண்டக்கான்காரி

சைவத்துக்கு முன்பதிவிலேயே எழுதிவிடுங்கள், பூங்கா அலுவலகத்திலும் மறுபடி சொல்லுங்கள். வழிச்சாப்பாட்டுப் பொட்டலம் வழக்கமாக ரொட்டி, முட்டை, பழம். முட்டையும் சாப்பிடாதவர் என்றால் தெளிவாகச் சொல்ல வேண்டும், "வெஜிடேரியன்" என்றால் முட்டை வரும். மேலே மாலை நாலரை வாக்கில் இரவுச் சாப்பாடு, சோறு, காய், கோழி என்று நாமே எடுத்துக்கொள்கிற மாதிரி இருக்கும். காய்கறிப் பிரட்டலில் சிப்பிச் சாறு ஊற்றியிருக்கலாம், கேட்டுப் பார்த்துப் போடுங்கள். கையில் கடலை மிட்டாய், பேரீச்சை, முறுக்கு இருந்தால் கவலையில்லை. உயரத்தில் பசி மந்தமாகும், இரண்டு மணிக்கு எழுந்து யாருக்கும் சாப்பாடு இறங்காது. இனிப்பான தேநீரும் இரண்டு வாய் ரொட்டியும் கட்டாயம் உள்ளே போகட்டும். பசியாறாமல் கிளம்பியவர்கள்தான் ஏழாவது கி.மீ.க்கு மேல் கால் நடுங்கி உட்காருகிறார்கள்.

#20 · முட்டிக்கவசம்

என் பேருக்குப் பொருத்தமான கடைசி விஷயம். இறக்கம். உச்சியிலிருந்து பானாலாபான் இரண்டு, இரண்டரை மணி நேரம். பத்தரைக்குள் அறையைக் காலி பண்ண வேண்டும், எனவே ஏழுக்குள் உச்சியை விட்டுக் கிளம்பினால் பசியாற நேரம் இருக்கும். பிறகு கீழே நாலு, ஐந்து மணி நேரம். ஏறியதைவிடப் பெரிதாகக் குறையாது, இதை நம்பாமல் மாலை விமானத்துக்குச் சீட்டு எடுப்பவர்கள் இருக்கிறார்கள். அன்றிரவு கோத்தா கினபாலுவில் தங்குங்கள். ஒரு நாள் கூடுதலாக இருந்தால் போரிங் வெந்நீர் ஊற்று, பூங்காவிலிருந்து சுமார் 40 கி.மீ.

கைத்தடி ஒன்றல்ல, இரண்டு. இறக்கத்தில் வழக்கத்தைவிட ஐந்து, பத்து செ.மீ. நீளம் கூட்டி, முதலில் தடியைக் கீழ்ப்படியில் ஊன்றி, பிறகு கால். முட்டியைச் சற்றே மடக்கி வையுங்கள், விறைத்த காலில் குதித்தால் அத்தனை அதிர்ச்சியும் மூட்டுக்கு. உயரப் படிகளில் பக்கவாட்டாகத் திரும்பி இறங்கலாம், இருபது படிக்கு ஒரு முறை பக்கத்தை மாற்றி. முட்டிப்பட்டை போடுவதென்றால் வலி வந்த பிறகு அல்ல, பானாலாபானில் கிளம்பும்போதே. ரொம்ப இறுக்கினால் கால் மரத்துவிடும்.

#21 · தைப்பிங்_மழை

எழுதி வெச்சுக்கிட்டேன். ஒரே ஒரு கேள்வி, சிரிக்காதீங்க. ராத்திரி ஏறும்போது கழிப்பறை?

#22 · சண்டக்கான்காரி

சிரிக்க என்ன இருக்கிறது தம்பி, டையமாக்ஸ் போடுகிறவர்களுக்கு அதுதான் முதல் கேள்வி. சயாட்-சயாட்டில் இருக்கிறது, அதற்கு மேல் எதுவும் இல்லை, ஒதுங்க ஒரு புதர்கூட இல்லை. அட்டையைப் பதிந்த கையோடு போய்விட்டு வாருங்கள். துண்டுத்தாள் உங்களுடையது, திரும்பக் கீழே கொண்டுவர ஒரு சின்னப் பையும்.